ஏறினேன், ஏறினேனாம்: சிறு குழந்தைகளும் வெளிநாட்டுத் தீம் பார்க்கும்

கோடை விடுமுறைக்கு மூன்று மாதம் இருக்கும்போதே ராமச்சந்திராபுரத்தின் பல வீடுகளில் ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. பெல் நிறுவனத்தையும் அதன் குடியிருப்பையும் சுற்றி வளர்ந்த ஊர் இது. திருச்சியிலும் ராணிப்பேட்டையிலும் அதே நிறுவனத்தின் ஆலைகள் இருப்பதால், மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இங்குக் குறைவில்லை. பின்னாளில் கச்சிபௌலி, மாதாப்பூர்ப் பக்கத்து மென்பொருள் அலுவலகங்களுக்கு வந்தவர்களும் சேர்ந்துகொண்டனர். முந்தைய தலைமுறை கோடையில் செகந்திராபாத்தில் ரயிலேறிச் சொந்த ஊருக்குப் போயிற்று. இன்றைய தலைமுறை ஷம்ஷாபாத்தில் விமானமேறிச் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கோ ஹாங்காங் டிஸ்னிலேண்டுக்கோ அபுதாபியின் யாஸ் தீவுக்கோ போக விரும்புகிறது. விருப்பத்தில் தவறில்லை. பிழை கணக்கில் இருக்கிறது. பயணச்சீட்டு, கடவுச்சீட்டு, விசா, தங்குமிடம், தள்ளுவண்டி, தயிர்சாதம் அனைத்தும் எண்ணப்படும் அத்திட்டத்தில் எண்ணப்படாதது ஒன்றே ஒன்று: குழந்தையின் பேச்சு.

‘குழந்தைக்கு வாழ்நாள் நினைவாக இருக்கட்டும்’ என்பதே இப்பயணங்களுக்குப் பெற்றோர் பெரும்பாலும் சொல்லும் காரணம். அக்காரணத்தை மெய்யாகவே எடுத்துக்கொண்டால், பயணத்துக்குரிய வயதை முடிவுசெய்ய வேண்டியது விமான நிறுவனமோ பூங்காவின் கட்டணப் பட்டியலோ அன்று, குழந்தையின் நாவே.

இன்று வயது எவ்வாறு முடிவாகிறது? இரண்டு வயது நிரம்பாத குழந்தை பெற்றோர் மடியில் அமர்ந்து கட்டணத்தின் சிறு பகுதியில் பறக்கலாம். ஹாங்காங் டிஸ்னிலேண்டில் மூன்று வயது நிரம்பாதவர்களுக்கு நுழைவு இலவசம். சிங்கப்பூர் யுனிவர்சலில் நான்கு வயது நிரம்பும்வரை இலவசம். ஆகவே ‘இரண்டு முடிவதற்குள் போய்விடலாம்’, ‘நான்கு முடிவதற்குள் போய்விடலாம்’ என்ற அவசரம் பிறக்கிறது. அதே பூங்காக்களின் சவாரி வாயில்களில் நிற்கும் உயரக் கோலோ வேறொரு கணக்கைச் சொல்கிறது. சிங்கப்பூரில் மம்மி சவாரிக்கு 122 செ.மீ., பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 செ.மீ. உயரம் வேண்டும். ஹாங்காங்கில் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 102 செ.மீ., பிக் கிரிஸ்லி மலைச் சவாரிக்கு 112 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகோலில் மூன்று வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 95 செ.மீ.; ஐந்து வயதில் 110; 122ஐத் தொட ஏழு வயதாகும். பூங்கா இலவசமாக உள்ளே விடும் வயதும் அதன் பெருஞ்சவாரிகளில் ஏற்றிக்கொள்ளாத வயதும் ஒன்றே. அது தற்செயலன்று. அச்சவாரிகளைப் பொறுத்தவரை அக்குழந்தை இன்னும் வாடிக்கையாளரே ஆகவில்லை. சீட்டு வாங்குவோர் பெற்றோர், குழந்தை உடன்வருபவர்.

சவாரி போகட்டும், நினைவாவது மிஞ்சுமா? இக்கேள்விக்கு ஆய்வுலகில் நேரடியான விடையே உண்டு. நினா ஹாமண்டும் ராபின் ஃபிவுஷும் 1991இல் வெளியிட்ட ஆய்வின் களமே டிஸ்னிவேர்ல்டுதான். மூன்று அல்லது நான்கு வயதில் அங்குச் சென்றுவந்த குழந்தைகளை ஆறு மாதமோ பதினெட்டு மாதமோ கழித்துச் சந்தித்துப் பேசவைத்தனர். குழந்தைகள் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகவே நினைவுகூர்ந்தனர். ஆயினும் வேறுபாடு இருந்தது. நான்கு வயதில் சென்றவர்கள் விரிவாகவும் தாமாகவும் சொன்னார்கள். மூன்று வயதில் சென்றவர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மேலும், பயணத்தைப் பற்றி வீட்டில் அதிகம் பேசிய குழந்தைகளே அதிகம் நினைவில் வைத்திருந்தனர்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியேல் சிம்காக்கும் ஹார்லீன் ஹெய்னும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. இரண்டேகால் முதல் மூன்றேகால் வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு விந்தை எந்திரத்தைக் காட்டினர். பெரிய பொம்மையை உள்ளே போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் அதே பொம்மை சிறியதாகி வெளியே வரும். அன்று அக்குழந்தைகளிடம் இருந்த சொற்களையும் குறித்துக்கொண்டனர். ஆறு மாதம் அல்லது ஓராண்டு கழித்து வந்தபோது, குழந்தைகளின் கை எந்திரத்தை நினைவில் வைத்திருந்தது. படங்களையும் அவர்கள் அடையாளம் கண்டனர். ஆனால் சொல்லச் சொன்னபோது, நிகழ்வின்போது தம்மிடம் இல்லாத ஒரு சொல்லைக்கூட அவர்கள் பயன்படுத்தவில்லை. இடைப்பட்ட காலத்தில் அச்சொற்களைக் கற்றிருந்தும் பழைய நிகழ்வின்மேல் அவற்றை ஏற்ற அவர்களால் இயலவில்லை. சொல்லுக்கு முன் வந்த அனுபவம் சொல்லுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

இவ்வேறுபாட்டைத் தமிழ் ஓர் ஒட்டில் வைத்திருக்கிறது. இரண்டு வயதில் சிங்கப்பூர் போய்வந்த குழந்தை ஆறாம் வயதில் அதைப் பற்றிப் பேசும்போது என்ன சொல்கிறது என்று கூர்ந்து கேட்டால் தெரியும்: “நான் ரயில்ல ஏறினேனாம். பெரிய பொம்மையப் பாத்து அழுதேனாம்.” அந்த ‘ஆம்’ வெறும் அசையன்று. பேசுவோர் தாம் சொல்லும் செய்தியைத் தம் அறிவாகக் கொள்ளவில்லை, பிறர் சொல்லக் கேட்டதாகக் கொள்கிறார் என்பதன் குறி. தெலுங்கின் ‘அட’வுக்கும் இதே வேலை. ஆங்கில வினைச்சொல்லில் இத்தகைய ஒட்டு இல்லாததால் ‘ஐ க்ரைட்’ என்பதற்குள் நினைவும் கேள்வியும் பிரித்தறிய இயலாதபடி கலந்துவிடுகின்றன. தமிழ்க் குழந்தையோ தன் வாழ்வைப் பற்றியே கேள்விச்செய்தியாகப் பேசும்போது, அது தன் நினைவன்று என்பதை இலக்கணமாகவே ஒப்புக்கொள்கிறது. இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ செலவழித்துப் பெற்றோர் வாங்க நினைத்தது ‘ஏறினேன்’ என்பதை. கையில் கிடைத்தது ‘ஏறினேனாம்’.

இங்கு ராமச்சந்திராபுரத்துத் தமிழ்க் குழந்தையின் மொழிநிலை தனியாகக் கருதத்தக்கது. வீட்டில் தமிழ், தெருவிலும் பூங்காவிலும் தெலுங்கும் இந்தியும், வகுப்பறையில் ஆங்கிலம். 2018ஆம் ஆண்டின் தெலங்கானாச் சட்டப்படி பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடம், அது வரவேற்கத்தக்கதே. தமிழுக்கோ வீட்டைத் தவிர வேறு நிலமில்லை. அவ்வீட்டிலும் நாளடைவில் தமிழ் ஏவலுக்குச் சுருங்குகிறது: வா, சாப்பிடு, குளி, படு. நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு, போய், ஏறி, பயந்து, இறங்கி, மறுபடி ஏறி என வினையெச்சங்களைக் கோத்துச் செல்வதற்கு, அம்மொழியில் வாய்ப்பே அமைவதில்லை. பள்ளியில் நடந்ததைப் பள்ளியின் மொழியிலேயே குழந்தை சொல்லிவிடுகிறது. ஏவல் மட்டும் அறிந்தவருக்கு அம்மொழி புரியும். அவர் அதில் வாழ்ந்ததாக ஆகாது.

வியோரிகா மரியனும் உல்ரிக் நைசரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இங்குத் துணைநிற்கும். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய இருமொழி மாணவர்களிடம் ரஷ்ய மொழியில் கேட்டபோது ரஷ்ய மொழிச் சூழலில் நிகழ்ந்தவை மிகுதியாக நினைவுக்கு வந்தன. ஆங்கிலத்தில் கேட்டபோது ஆங்கிலச் சூழலில் நிகழ்ந்தவை. நினைவு எந்த மொழியில் நேர்ந்ததோ அம்மொழி அதன் கதவு. பூங்கா ஆங்கிலத்தில் பேசும். அறிவிப்பும் பாட்டும் கதாபாத்திரங்களும் ஆங்கிலத்தில் இருக்கும். பெற்றோரும் அங்கு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால், குழந்தையின் மிகப் பெரிய விடுமுறை தமிழில் நிகழவே இல்லை. ஊரில் இருக்கும் பாட்டி தொலைபேசியில் “என்னம்மா பாத்த?” என்று கேட்கும்போது குழந்தை “நல்லா இருந்துச்சு” என்ற இரு சொல்லோடு நிறுத்திக்கொள்வதை ஆர்வமின்மை என்று கொள்ள வேண்டியதில்லை. அந்த நிகழ்வுக்கு அம்மொழியில் சொல் சேமிக்கப்படவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

எதிர்வாதங்கள் உண்டு. மகிழ்ச்சிக்கு நினைவு எதற்கு, அன்றைய மகிழ்ச்சி அன்றைக்குப் போதாதா என்பது முதலாவது. போதும். ஆனால் அன்றைய மகிழ்ச்சிக்கு நான்கு மணி நேர விமானமும் இரண்டரை மணி நேரக் கடிகார மாற்றமும் தேவையில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு ராட்டினம் எங்கே சுற்றினாலும் ராட்டினமே. 1938இல் தொடங்கி ஆண்டுதோறும் சனவரியில் கூடும் நுமாயிஷ், நாம்பள்ளியில் இருக்கிறது. ரவிர்யாலாவில் 2016 முதல் வொண்டர்லா இயங்குகிறது. 1996 முதல் ராமோஜி திரைப்பட நகரம். அங்கெல்லாம் தாத்தா பாட்டியும் வரலாம்; குழந்தை தூங்கிவிட்டால் வீடு திரும்பலாம்; காசு வீணாயிற்றே என்ற கோபம் யார்மீதும் பாயாது.

இரண்டாவது வாதம் நேர்மையானது: பெற்றோருக்கும் ஆசை இருக்காதா? இருக்கும், இருக்க வேண்டும். ஊர்த் திருவிழாவின் ராட்டினத்துக்கே காசு கேட்க அஞ்சி வளர்ந்த ஒருவர் முப்பத்தைந்தாம் வயதில் டிஸ்னியின் கோட்டை முன் நிற்க விரும்புவதில் இழிவு எதுவுமில்லை. அதைத் தம் ஆசை என்றே சொல்லிக்கொள்ளலாம். குழந்தையின் பெயரில் எழுதும்போதுதான் கணக்குத் தவறுகிறது. வெயிலில் அழும் குழந்தையிடம் “உனக்காகத்தானே வந்தோம்” என்று சொல்லும் நிலையும் அப்போதுதான் நேர்கிறது.

பொதுத்துறைக் குடும்பங்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. விடுமுறைப் பயணச் சலுகைக்கான வருமான வரி விலக்கு இந்தியாவுக்குள் செல்வதற்கே உரியது. மதுரைக்குப் போய் அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றிவந்த வங்கி ஊழியரின் பயணத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், 2022 நவம்பரில் பாரத ஸ்டேட் வங்கி வழக்கில் இதை ஐயமறத் தெளிவாக்கியது. ஆகவே வெளிநாட்டுப் பூங்கா முழுக்கக் கைக்காசு. சில வீடுகளில் கடன். அத்தகைய செலவு வாழ்வில் ஒருமுறையே என்றால், அந்த ஒருமுறை எந்த வயதில் என்பது சிறு கேள்வியன்று.

அவ்வயதை அறிய எளிய சோதனை ஒன்று போதும். நேற்று நடந்த ஒன்றை, உடன் இல்லாத ஒருவருக்கு, இடையில் யாரும் எடுத்துக்கொடுக்காமல், முன்பின் மாறாமல் குழந்தையால் சொல்ல முடிகிறதா? சந்தைக்குப் போனதையோ பிறந்தநாள் விழாவையோ பாட்டிக்குத் தொலைபேசியில் தமிழில் சொல்ல முடிந்தால் அக்குழந்தை பயணத்துக்கு ஆயத்தம். ஒரு குழந்தைக்கு இது ஐந்தில் வாய்க்கும், வேறொன்றுக்கு ஏழில். இரு குழந்தைகள் இருந்தால் இளையவரின் நாவும் மூத்தவரின் உயரமும் ஒருசேரப் பொருந்தும் ஆண்டைத் தேடலாம். சிறார் கடவுச்சீட்டு ஐந்தாண்டுக்கே செல்லும். பல நாடுகள் ஆறு மாத எஞ்சிய காலம் கேட்கும். அவசரப்பட்டு எடுத்தது பெட்டியிலேயே காலாவதியாவதைவிடக் காத்திருந்து எடுப்பது நன்று.

போவதென்று முடிவானபின் செய்யத்தக்கவை செலவில்லாதவை. போகுமுன் அங்கிருப்பவற்றைத் தமிழில் பேசிவைத்தல். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் கைபேசியை நீட்டாமல் அடுத்து என்ன வரும் என்று குழந்தையையே சொல்லச் செய்தல். திரும்பியபின் “ஜாலியா இருந்துச்சா?” என்று ‘ஆமாம்’ ஒன்றில் முடியும் கேள்வியை விடுத்து, “முதல்ல எங்க போனோம்? அப்புறம்?” என்று கேட்டல். ஒளிப்படங்களைக் குழுவில் பகிர்வதோடு நில்லாமல் ஒவ்வொரு படத்துக்கும் குழந்தையின் கதையைக் கேட்டல். சிங்கப்பூர் என்றால் இன்னுமொரு வாய்ப்பு உண்டு. தமிழ் அங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. பொது இடத்து அறிவிப்புப் பலகைகளில் தமிழ் எழுத்து நிற்கிறது. தன் தெருவில் ஒரு தமிழ்ப் பலகையும் காணாது வளரும் ராமச்சந்திராபுரத்துக் குழந்தைக்கு, வீட்டுக்குள் மட்டும் வாழ்வதாக எண்ணிய எழுத்து அயல்நாட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருப்பது எந்தச் சவாரிக்கும் குறைந்த வியப்பன்று. அதற்கு உயரக் கட்டுப்பாடும் இல்லை.

புலம்பெயர்ந்த ஊரில் மூன்றாம் தலைமுறையின் தமிழைக் காக்க வார இறுதி வகுப்புகளும் திருக்குறள் போட்டிகளும் நடக்கின்றன, நடக்கட்டும். ஆனால் ஒரு மொழி குழந்தையிடம் தங்குவது, தனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற தவிப்பு அம்மொழியில் எழும்போதுதான். அத்தவிப்பை எழுப்பும் ஆற்றல் ஒரு நல்ல விடுமுறைக்கு உண்டு. குழந்தை ‘ஏறினேன்’ என்று தானே சொல்லக்கூடிய வயதுவரை காத்திருந்து, அது சொல்லும்போது கேட்பதற்கும் நேரம் ஒதுக்கும் குடும்பத்துக்கு அச்செலவு வீணாகாது.