துருத்தியும் மோட்டாரும்

சமையலறையில் அரிவாள்மணை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. நாட்டுக் கொல்லர் அடித்துக் கொடுத்த மணையானால், அது முன்பிறவியில் லாரியின் அடியில் இருந்திருக்கலாம்! வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழங்கதை வேண்டும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, கடலோரத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கே ஓர் இரும்புத் தொழிற்சாலை தொடங்கினார். சேலத்துக் கனிக்கல் கொள்ளிடம் வழியாகப் பரிசலில் வந்தது. உலைக்கு மரக்கரி. உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. வேல்ஸ் நாட்டில் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்தில்கூட இந்த இரும்பு சேர்ந்ததாகச் சொல்வார்கள். ஆனால் உலையின் பசிக்குக் காடு ஈடு கொடுக்கவில்லை. 1853-ல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதுப் பெயர் வைத்தும் பார்த்தார்கள். 1870-களுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

பெரிய உலை அணைந்தது. தெருக்கோடிக் கொல்லன் உலை அணையவில்லை. அவனுக்கு முதல் என்ன? ஒரு துருத்தி, ஒரு பட்டடைக்கல், குறடு, சம்மட்டி, அவற்றோடு ஒரு மனைவி! புருஷன் குறட்டைப் பிடிப்பான்; அவள் துருத்தி ஊதுவாள்.

அந்நாளில் வருமானம் மாட்டுவண்டியில் இருந்தது. மரச் சக்கரத்தைவிட ஒரு பிடி சிறியதாக இரும்புப் பட்டாவை வளைத்து, வறட்டி மூட்டத்தில் பழுக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் அது விரியும். சக்கரத்தில் மாட்டித் தண்ணீரைக் கொட்டினால் சுருங்கி, உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிப்பதும் உண்டு.

பிறகு மோட்டார் வந்தது. 1911-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொழில் தொடங்கி, மறு வருஷமே பஸ் விட்டார். சாலையெல்லாம் லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள்; டயருக்கு ஆபத்து. அவற்றைப் பொறுக்கக் காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டினார் என்பது பிரசித்தமான கதை. கொல்லன் அடித்த ஆணி, மோட்டாருக்குச் சத்துருவாகிவிட்டது!

மாட்டுவண்டி குறையக் குறைய, பட்டா வேலையும் லாட வேலையும் போயின. ஆனால் பகையாளி வீட்டிலேயே பிழைப்பும் கிடைத்தது. மோட்டாரின் பாரத்தைத் தாங்கும் வில்பட்டை முறிந்தால், அதைச் சரிசெய்ய நெருப்பும் சம்மட்டியும் தெரிந்தவன் வேண்டுமே? பிள்ளைகள் வெல்டிங், லேத் என்று பழகிக்கொண்டார்கள். கழித்துப்போட்ட பட்டை நல்ல எஃகு. அதைத் துண்டாக்கி, சிவக்கக் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்தால் அரிவாள் ஆகிறது, மண்வெட்டி ஆகிறது, நம் வீட்டு மணையும் ஆகிறது.

பல பட்டறைகளில் இன்று துருத்தியின் இடத்தில் மின்சார ஊதி இருக்கிறது. அதனால் அந்த அம்மாளுக்கு ஓய்வு கிடைத்துவிட்டதா? இல்லை, துருத்தி பிடித்த கைக்குச் சம்மட்டி வந்துவிட்டது. வெளியாளை வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். வீட்டுக்காரிக்கு ஏது கூலி?

சந்தையில் பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைத்து வாங்குவதில் நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம். அந்தப் பத்து ரூபாய் எங்கிருந்து குறைகிறது? கரிக்காரன் குறைக்க மாட்டான். பழைய இரும்புக்காரனும் குறைக்க மாட்டான். கணக்கில் ஏறாத அவள் உழைப்பிலிருந்துதான் குறைகிறது.