வியூ இருக்கு, டாய்லெட் இருக்கா?

திங்கட்கிழமை காலையில என் ஓ.பி.க்கு வந்து பாருங்க. ஞாயிற்றுக்கிழமை நீலகிரிக்கு ஒரு நாள் டூர் போய்ட்டு வந்தவங்கள்ல ஒருத்தராவது, பெரும்பாலும் பெண், குளிர் காய்ச்சலோட, நீர்க்கடுப்போட உட்கார்ந்திருப்பாங்க.

"தண்ணி குடிக்கலையாம்மா?"
"குடிச்சா போகணுமே சார். எங்க போறது?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த த்ரெட்.

கோத்தகிரி, குன்னூர் ரோட்டுல தேயிலைத் தோட்டத்தை ஒட்டிப் புதுசு புதுசா ஓட்டல்கள். ஓலைக் குடில், ஊஞ்சல், மண் சட்டியில பிரியாணி, செல்ஃபி எடுக்கத் தனி மேடை. டாய்லெட் கேட்டா பின்பக்கம் கை காட்டுவாங்க. தகரக் கதவு இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது. பக்கெட் இருக்கும், தண்ணி இருக்காது. செல்ஃபி மேடைக்குச் செலவு பண்ணத் தெரிஞ்சவருக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கத் தெரியலை.

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயோட நீளம் சுமார் 4 செ.மீ.தான். குடல்ல இருக்கிற ஈ.கோலை கிருமிக்கு அது ரொம்பச் சின்ன தூரம். உள்ளே ஏறுற கிருமியைக் கழுவித் தள்றதே சிறுநீர்தான். தண்ணியும் குடிக்காம, 8 மணி நேரம் அடக்கியும் வெச்சா அந்தக் கழுவல் நடக்காது. ஒரு நாள் அடக்கினா எல்லாருக்கும் நோய் வந்துடும்னு நான் சொல்லலை. ஆனா கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை உள்ளவங்களுக்கும் ரிஸ்க் அதிகம். கிருமி கிட்னி வரைக்கும் ஏறிட்டா அட்மிஷன்தான். கர்ப்பிணிக்குக் குறைப்பிரசவத்துல கூட முடியலாம். போன மாசம் 7 மாதக் கர்ப்பிணி ஒருத்தங்களுக்கு 4 நாள் ஊசி போட்டோம். குழந்தை நல்லா இருக்கு. நாங்கதான் தூங்கலை.

"ஆம்பளைங்களுக்கு என்ன, வளைவுல வண்டியை நிறுத்திக்கலாம்"னு கமெண்ட் போட வர்ற அண்ணன்களே, அந்த வளைவுக்குக் கீழ இருக்கிறது காடு இல்லை. காலையில அக்காக்கள் கொழுந்து பறிக்க இறங்குற இடம். தோட்டத்துல கழிப்பறை கட்டித் தரணும்னு 1951லயே சட்டம் வந்தாச்சு. ஆனா பறிக்கிற காட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவுல எவ்வளவு ஏத்தம்னு அவங்களைக் கேளுங்க. அவங்களும் தண்ணி குடிக்காமதான் வேலை பார்க்கிறாங்க. உங்களுக்கு டீ கொண்டு வந்து வைக்கிற பொண்ணும் அப்படித்தான்.

2024 மே 7ல இருந்து இ-பாஸ். 2025 சீசன்ல வார இறுதிக்கு ஒரு நாளைக்கு 8,000 வண்டின்னு நீதிமன்றம் கணக்கு வெச்சுது. நல்லது. வண்டியை எண்ணிட்டோம். அதுல வர்ற பெண்களுக்கு எத்தனை கதவு வேணும்னு யார் எண்ணினது?

ரிவியூல பிரியாணிக்கு ஸ்டார் கொடுக்குறீங்கல்ல, டாய்லெட்டையும் போட்டோ எடுத்துப் போடுங்க. சாப்பாடு சொல்றதுக்கு முன்னாடி எழுந்து போய்ப் பாருங்க. சரியில்லைன்னா காரணத்தைச் சொல்லிட்டு வெளிய வாங்க.

நானும் ஒரு ஓனர்கிட்ட கேட்டேன். "நல்ல டாய்லெட் கட்டினா பஸ்ல போறவங்க எல்லாம் அதுக்குன்னே இறங்குவாங்க சார்" என்றார்.

ஆமாங்க. இறங்கத்தான் செய்வாங்க.