கரும்பும் ஆமணக்கும்

பிளாஸ்டிக் என்பது பெட்ரோலியத்தின் சந்ததி என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டபோதிலும், 1870-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஹையட் சகோதரர்கள் உண்டாக்கிய செல்லுலாய்டு பருத்தியிலும் கர்ப்பூரத்திலும் பிறந்தது என்பதையும், ஐரோப்பியரின் உடைகளில் வெகுகாலம் பித்தான்களாக விளங்கிய காலலித், பாலிலிருந்து பிரித்த கேசினை ஃபார்மலினில் வாரக்கணக்காக ஊறவைத்துக் கெட்டிப்படுத்திய வஸ்துவே என்பதையும் நோக்குமிடத்து, எண்ணெய்க் கிணறு இந்த வம்சத்துக்குப் பிற்பாடு வந்த சுவீகாரத் தந்தைதான் என்பது விளங்கும். இன்று பிரேசில் தேசத்தில், கரும்பிலிருந்து வடித்த சாராயத்தின் நீரம்சத்தை நீக்கி எத்திலீன் வாயுவாக்கி, அதிலிருந்து பாலிதீனை 2010 முதல் பெருமளவில் தயாரிக்கிறார்கள். சிலாக்கியமான காரியந்தான், ஆனால் விளம்பரக்காரர்கள் சொல்லாமல் விடுகிற சங்கதி ஒன்றுண்டு: அந்தப் பாலிதீன் அணுப்பிரமாணமும் வேறுபடாத அதே பாலிதீனாதலால், மண்ணில் புதைத்தாலும் மக்குவதில்லை. மக்காச்சோளத்தின் சர்க்கரையிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக்கோ மக்கக்கூடியதே எனினும், அதற்குச் சுமார் 60 டிகிரி உஷ்ணத்தில் பராமரிக்கப்படும் உரக்கிடங்கு வேண்டும். தெருவோரக் குப்பைமேடு போதாது. என் அபிமானம் ஆமணக்கின்பால் செல்லுகிறது. அதன் எண்ணெயிலிருந்து பிறக்கும் நைலான்-11 லாரிகளின் பிரேக் குழாய்களாக வருஷக்கணக்கில் உழைக்கிறது. செடியோ வறண்ட பூமியிலும் விளைந்து, எவருடைய சோற்றிலும் கை வைப்பதில்லை. உலக விளைச்சலில் பெரும்பங்கும் நம் தேசத்தினுடையது, விசேஷமாகக் குஜராத்தினுடையது. நீடித்து உழைக்கும் பண்டங்களுக்கு இத்தகைய பயிர்களை நாடுவது நியாயமே. அரை நாழிகையில் எறியப்படும் பைக்காகக் கரும்பையும் அதற்குப் பாய்ச்சிய நீரையும் செலவிடுவதை நான் ஒப்பமாட்டேன்.