ஊசிமுனை ஞானம்: ஒரு மறுப்பு

சென்ற மாதம் எங்கள் வாசகர் கூடுகையில் பேச்சு எப்படியோ மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. நவீன மருத்துவம் உடலை உதிரிப் பாகங்களாகப் பிரித்துப் பார்க்கிறது என்றும், நாள்பட்ட குடல் நோய்களுக்கு அதனிடம் விடையே இல்லை என்றும், அக்குபங்சர் போன்ற கீழைத்தேய மரபுகள்தாம் மனிதனை முழுமையாகக் காண்கின்றன என்றும் நண்பர் ஒருவர் விரிவாகப் பேசினார். பலரும் தலையசைத்தார்கள். சுவரோரம் அமர்ந்திருந்த இன்னொரு நண்பர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மௌனத்தின் காரணத்தை எங்களில் சிலர் அறிவோம். அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஓயாத வயிற்றுப்போக்கு கண்டது. நாளுக்கு ஏழெட்டு முறை. பிறகு அதில் இரத்தமும் சேர்ந்தது. மாத்திரைகளின் மேல் அவநம்பிக்கை கொண்டிருந்த அவர் அக்குபங்சர் நிபுணர் ஒருவரிடம் போனார். உடலில் தேங்கிய கழிவுகள் வெளியேறுகின்றன, இது நல்லதற்கே என்று அங்கே சொல்லப்பட்டது. பதினொரு மாதங்கள் அந்த நல்லது நடந்தது. பதினான்கு கிலோ எடை குறைந்து, படியேற முடியாத இரத்தசோகையோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதுதான் கொலனோஸ்கோப்பி செய்தார்கள். பெருங்குடல் முழுவதும் புண்ணாகியிருந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர் சொன்னார்கள். இன்று மருந்துகளின் துணையோடு நலமாக இருக்கிறார். அந்தப் பதினொரு மாதங்களைப் பற்றி மட்டும் பேச விரும்புவதில்லை.

ஒரு தனிமனிதரின் அனுபவத்தை வைத்து ஒரு மருத்துவ முறையை நிராகரிக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. 'எனக்குக் குணமானது' என்கிற ஒருவரின் சாட்சியத்தை வைத்து ஏற்பதும் அதேபோல் கூடாது. ஆகவே நண்பரின் கதையை ஒருபுறம் வைத்துவிட்டு, கூடுகையில் வைக்கப்பட்ட வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, தொன்மை. ஈராயிரம் ஆண்டுகளாக அறுபடாமல் வரும் ஞானம் என்கிறார்கள். 1822-இல் சீனப் பேரரசர் தாவோகுவாங் அரசு மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபங்சரை விலக்கி ஆணையிட்டார். 1929-இல் கோமிண்டாங் அரசு சீன மருத்துவத்தையே ஒழிக்க முனைந்து, எதிர்ப்புக் கிளம்பியதால் பின்வாங்கியது. 1930-களில் செங் தான்-ஆன் என்ற சீர்திருத்தக்காரர் நவீன உடற்கூறியலின் துணையோடு புள்ளிகளை ஒழுங்குபடுத்தி, மெல்லிய ஊசிகளைப் பரப்பினார். இன்று நாம் காணும் அக்குபங்சரில் பெரும்பகுதி அவர் காலத்தில் வடிவம் பெற்றதே. மருத்துவர் பற்றாக்குறையில் தவித்த மக்கள் சீனத்தில் மாவோ அதற்கு அரசின் ஆதரவை வழங்கினார். தனக்கு அதில் நம்பிக்கையில்லை என்று மாவோ தன்னிடம் சொன்னதாக அவருடைய மருத்துவர் லி ஷிசுய் 1994-இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில் எழுதினார். தேசம், மரபு, சாதி என அனைத்தையும் 'கட்டமைக்கப்பட்டவை' என்று கட்டுடைக்கும் நம் நண்பர்கள், இந்தக் கட்டமைப்பின் முன் மட்டும் ஏன் கைகூப்பி நிற்கிறார்கள் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

இரண்டாவது, மேற்குலகமே வியந்து ஏற்றது என்ற வாதம். 'நியூயார்க் டைம்ஸ்' இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் 1971 ஜூலையில் பீக்கிங்கில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. அக்குபங்சரால் மட்டுமே வலி மரத்துப்போகச் செய்து அவரை அறுத்தார்கள் என்ற கதை இன்றும் உலவுகிறது. அவரே எழுதிய கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. வழக்கமான மரப்பு மருந்தை ஊசி வழியே செலுத்தித்தான் அறுவை நடந்தது. அதற்குப் பிந்தைய இரவில் வயிறு உப்பி அவதிப்பட்டபோது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் அக்குபங்சர் ஊசி குத்தி, மாசிபத்திரி இனத்து மூலிகையை எரித்து வயிற்றருகே காட்டினார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் உப்புசம் தணிந்தது. வயிற்றுக் காற்றைப் போக்க இது கொஞ்சம் சுற்றுவழிதான் என்று தோன்றியதாக அவரே வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார். அறுவைக்குப்பின் அசையாது கிடக்கும் குடல் ஓரிரு நாளில் தானாகவே இயங்கத் தொடங்கும் என்பது எந்த அறுவை மருத்துவருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு நிக்சன் சீனம் சென்றார். ஊசி உலகப் புகழ் பெற்றது.

மூன்றாவது வாதமே முதன்மையானது: பயன் கிடைக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? கிடைக்கிறது என்றே நாங்களும் சொல்கிறோம். எதிலிருந்து கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேடியவர் அக்குபங்சரின் எதிரி அல்லர். ஹார்வர்டில் பணியாற்றும் டெட் காப்சுக் மக்காவ் சென்று சீன மருத்துவம் பயின்றவர். 1983-லேயே அதைப் பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை எழுதியவர். அவரது குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயால் அவதிப்பட்ட 262 பேர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்குச் சிகிச்சை எதுவும் தராமல் காத்திருக்கச் செய்தார்கள். மற்ற இரு பகுதியினருக்கும் கொடுக்கப்பட்டது போலிச் சிகிச்சை. தோலைத் துளைக்காமல் கைப்பிடிக்குள் உள்வாங்கிக்கொள்ளும் போலி ஊசி அது. ஒரு பகுதியினரிடம் சிகிச்சையாளர் ஐந்து நிமிடத்துக்குமேல் பேசவில்லை. இன்னொரு பகுதியினரோடு முதல் நாள் 45 நிமிடங்கள் அமர்ந்தார். நோயைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் கேட்டார். நாடி பிடித்தபடி இருபது விநாடி சிந்தனையோடு மௌனம் காத்தார்.

மூன்று வாரம் கழித்துப் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள், காத்திருந்தோரில் 28 சதவீதம்; பேச்சில்லாத போலி ஊசிக்காரர்களில் 44 சதவீதம்; பரிவோடு கேட்கப்பட்டவர்களில் 62 சதவீதம். உடலுக்குள் ஒரு ஊசியும் நுழையவில்லை. 'சி' என்ற உயிராற்றலின் ஓட்டத்தை எவரும் திருப்பிவிடவில்லை. நோயாளியின் பேச்சை ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவே.

அப்படியானால் உண்மை ஊசி இதைவிட மேலாக வேலை செய்யுமே என்று கேட்கலாம். அதே குழு 2009-இல் அதற்கும் விடை சொன்னது. உண்மை ஊசி பெற்றோரில் 41 சதவீதமும், போலி ஊசி பெற்றோரில் 32 சதவீதமும் தேறினார்கள். அந்த வேறுபாடு தற்செயலை விலக்கும் அளவுக்குப் பெரிதல்ல என்பதே புள்ளியியல் முடிவு. 2012-இல் காக்ரேன் தொகுப்பாய்வு 17 சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, போலி ஊசியோடு ஒப்பிட்டவற்றில் ஐ.பி.எஸ்.ஸுக்கு உண்மை ஊசியால் கூடுதல் பயன் இல்லை என்றது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக்கு வழிகாட்டும் 'நைஸ்' அமைப்பு, ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் அக்குபங்சரை ஊக்குவிக்க வேண்டாம் என்று 2008-லேயே அறிவுறுத்தியது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்கப்போவதில்லை. கடும் மலச்சிக்கல் உள்ள 1075 பேரிடம் சீன மருத்துவமனைகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஊசி வழியே மின்னோட்டம் செலுத்தப்பட்டவர்களில் 31 சதவீதமும் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 12 சதவீதமும் பயனடைந்தார்கள். இது அலட்சியப்படுத்தக்கூடிய வேறுபாடு அல்ல. ஆனால் அங்கே வயிற்றுத் தசைக்குள் ஆழமாக ஊசி இறக்கி மின்சாரம் பாய்ச்சினார்கள். ஊசி குத்தியவர்களுக்கு எது மெய், எது போலி என்று தெரிந்தே இருந்தது. தசையும் நரம்பும் மின்சாரத்துக்கு எதிர்வினை புரியும் என்பதை நம்பப் பழைய நூல்கள் தேவையில்லை. இது மேலும் ஆராயப்பட வேண்டியது. மணிக்கட்டில் ஒரு புள்ளியைத் தொட்டுச் சகல குடல் நோய்களையும் தீர்ப்பதாகச் சொல்பவர்களுக்கு இதில் ஆதாரம் ஏதுமில்லை.

இந்த இடத்தில் இருவகை நோய்களைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கூடுகையில் எல்லாமே 'குடல் நோய்' என்ற ஒரே சொல்லில் கரைந்துபோயின. ஐ.பி.எஸ்.ஸில் குடலைத் திறந்து பார்த்தாலும் புண் இராது. மூளைக்கும் குடலுக்கும் இடையிலான உரையாடல் பிசகியிருக்கும். வேதனை உண்மையானது, உயிருக்கு ஆபத்தில்லை. அச்சமும் நம்பிக்கையும் அதைக் கூட்டும், குறைக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் க்ரோன்ஸ் நோயும் அப்படியல்ல. அவற்றில் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே குடலைப் புண்ணாக்குகிறது. ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்தாமல் விட்டால் பெருங்குடற் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. நம் நாட்டில் குடல் காசநோய் க்ரோன்ஸ் போலவே வேடம் போட்டு வரும். ஆறு மாத மருந்தில் தீரக்கூடிய அந்நோய் கவனிக்காமல் விட்டால் உயிரைக் குடிக்கும். மலத்தில் இரத்தம், காரணமில்லா எடையிழப்பு, உறக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, விடாத காய்ச்சல், இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது பரிசோதனை. பரிவான பேச்சு ஐ.பி.எஸ். நோயாளிக்கு மருந்தாகலாம். புண்பட்ட குடலிலிருந்து இரத்தம் கசிபவருக்கு அது கொடுப்பது தாமதத்தை மட்டுமே.

தமிழகத்தில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஊசியைக்கூடக் கைவிட்டு, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டாலே போதும் என்கிறார்கள். ஊசி தேவையில்லை என்ற எங்கள் வாதத்தை அவர்களே நிரூபிப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தொடுவதோடு அவர்கள் நிற்பதில்லை. உட்கொள்ளும் மாத்திரைகளை உடனே நிறுத்தச் சொல்கிறார்கள். கொலைட்டிஸ் நோயாளி மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புகிறது. நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே கேடு. 'முழுமைப் பார்வை' என்ற அழகிய சொற்றொடருக்குப் பின்னால் நடப்பது இது.

இவ்வளவும் சொன்ன பிறகு நவீன மருத்துவத்துக்கு நாங்கள் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ண வேண்டாம். காப்சுக்கின் ஆய்வு அக்குபங்சரைவிடக் கூடுதலாக நம் மருத்துவமனைகளின் மீதுதான் குற்றப்பத்திரிகை வாசிக்கிறது. அதில் ஐந்து நிமிடம் என்பது கறாரான சிகிச்சைக்கு எடுத்துக்கொண்ட அளவு. நம் புறநோயாளிப் பிரிவில் அந்த ஐந்து நிமிடமே ஆடம்பரம். 'உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்' என்று சீட்டெழுதி அனுப்பப்படும் ஐ.பி.எஸ். நோயாளி, தன் மலத்தைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய ஓர் இடத்தைத் தேடிப் போகிறார். அந்த இடம் ஊசிக்காரரின் அறையாக இருப்பது அவர் குற்றமல்ல. எங்கள் நண்பரும் முதலில் ஒரு மருத்துவரிடம் போனவர்தான். தலை நிமிராமல் எழுதப்பட்ட ஒரு சீட்டோடு திரும்பி வந்தவர்தான்.

ஆகவே எங்கள் கோரிக்கை இரண்டு. மருத்துவர்கள் அந்த 45 நிமிடத்தை எடுத்துக்கொள்ளட்டும். அது சீனத்தின் சொத்தல்ல, எந்த மரபின் காப்புரிமையும் அதில் இல்லை. எழுதுகிறவர்களும் இதழ் நடத்துகிறவர்களும், குடலிலிருந்து இரத்தம் கசியும் ஒருவர் தம் வரிகளைப் படித்து எங்கே போவார் என்று ஒருகணம் யோசித்துவிட்டு எழுதட்டும். கூடுகை முடிந்து தேநீர் அருந்துகையில் அந்த நண்பர் எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: "அங்கே என்னை நல்லா பாத்துக்கிட்டாங்க. அதனாலதான் அவ்வளவு நாள் போனேன்."