அசையாத விலையும் ஆண்டு இலாபமும்: கேட்க வேண்டிய கேள்விகள்





நம் ஊத்தங்கரை வட்டாரத்தில் ஒரு காலத்தில் மாந்தோப்பும் புளியும் சிறுவணிகமுமே பிழைப்பாக இருந்தன. இன்று போச்சம்பள்ளி, ஓசூர் தொழிற்பேட்டைகளில் நம் பிள்ளைகள் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். சம்பளம் வந்தால் சேமிப்பும் வருகிறது. சேமிப்பு வந்ததும் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகிறது. வட்டி வேண்டாம் என்று உறுதியாக நிற்கும் குடும்பங்களுக்கு இக்கேள்வி மேலும் கடினமானது.

இப்படிப்பட்ட குடும்பங்களின் காதில் அடிக்கடி விழும் வாக்கியம் ஒன்று உண்டு: “போட்ட பணம் குறையாது, ஆண்டுதோறும் இலாபமும் வரும், போனஸும் உண்டு.” மலேசியாவில் வாழும் உறவினர் அங்குள்ள நிதித் திட்டங்களைப் பற்றி இவ்வாறு சொல்கிறார். உள்ளூரில் ‘ஹலால் முதலீடு’ என்ற பெயரில் வருவோரும் இதையே சொல்கிறார்கள். இந்த வாக்கியம் எப்போது உண்மையாகும், எப்போது பிறர் பொருளை உண்பதாக முடியும் என்பதைப் பிரித்தறியும் அறிவு நமக்குத் தேவை. இலாபம் எத்தனை விழுக்காடு என்று கேட்பதற்கு முன், விலை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது.

ஒரு தோப்பும் பத்துக் குடும்பங்களும்

யூனிட் டிரஸ்ட் என்பது பலருடைய பணத்தை ஒன்றாகச் சேர்த்து, பங்குகளிலும் பிற சொத்துகளிலும் இட்டு நடத்தும் ஏற்பாடு. முழுத்தொகையும் சிறு கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கூறும் ஒரு யூனிட்.

இதை நமக்குத் தெரிந்த மாந்தோப்பைக் கொண்டு பார்ப்போம். பத்துக் குடும்பங்கள் தலைக்கு 1 இலட்சம் போட்டு 10 இலட்சத்திற்கு ஒரு தோப்பு வாங்குகின்றன. “எவர் எப்போது விலகினாலும் 1 இலட்சம் தரப்படும், எவர் எப்போது சேர்ந்தாலும் 1 இலட்சம் கொடுத்தால் போதும்” என்று விதி வைக்கிறார்கள். இதுதான் நிலையான விலை.

மழை பொய்த்து, பழக்கூழ் ஆலைகள் விலையைக் குறைத்து, தோப்பின் மதிப்பு 7 இலட்சமாக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செய்தி முதலில் தெரிந்த மூன்று குடும்பங்கள் விலகுகின்றன. தோப்பின் ஒரு பகுதியை விற்று அவர்களுக்கு 3 இலட்சம் தரப்படுகிறது. மீதமுள்ள 4 இலட்சம் ஏழு குடும்பங்களுக்கு உரியது. தலைக்கு ஏறத்தாழ 57,000 ரூபாய். நட்டத்தைச் சமமாகப் பகிர்ந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் 70,000 நின்றிருக்கும். விலகியவர்கள் தங்கள் நட்டத்தையும் தங்கியிருந்தவர்களின் தலையில் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

மதிப்பு ஏறினாலும் இதே அநீதி எதிர்ப்பக்கம் நிகழ்கிறது. தோப்பு 15 இலட்சம் பெறும்போது பதினொன்றாவது குடும்பம் 1 இலட்சம் மட்டும் கொடுத்துச் சேர்ந்தால், உழைப்பும் காத்திருப்பும் இன்றி முந்தையவர்களின் பலனில் அது பங்கு பெறுகிறது.

அடுத்து ஈவுத்தொகை. தோப்பு ஓராண்டு ஒன்றும் விளையவில்லை. ஆயினும் “8 விழுக்காடு தருவோம்” என்று சொல்லியாகிவிட்டது. 80,000 ரூபாய் எங்கிருந்து வரும்? மரத்தை விற்க வேண்டும். அல்லது புதிதாகச் சேர்ந்தவரின் பணத்தை எடுக்க வேண்டும். வாங்குபவர் கையில் இலாபம் என்ற பெயரில் விழுவது அவருடைய முதலோ பிறருடைய முதலோதான்.

போனஸும் அவ்வாறே. பத்து யூனிட்டுக்கு ஒரு யூனிட் இலவசம் என்றால் தோப்பில் ஒரு மரமும் கூடிவிடுவதில்லை. தோப்பின் மதிப்பு உண்மையாகவே 11 இலட்சமாக வளர்ந்திருந்தால், அந்த வளர்ச்சியைப் பகிர்ந்தளிக்கும் நேர்மையான வழி போனஸ். தோப்பு 10 இலட்சத்திலேயே நிற்க, ஏட்டில் மட்டும் 11 இலட்சம் ஆனால், நிறைவேற்ற வழியில்லாத வாக்குறுதி ஒன்று கூடியது என்பதே அதன் பொருள்.

இந்தியா பெற்ற அனுபவம்

இவை வெறும் கற்பனைக் கணக்குகள் அல்ல. இந்தியாவிலேயே நடந்து முடிந்த வரலாறு இருக்கிறது. தமிழரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி மத்திய நிதியமைச்சராக இருந்த காலத்தில், 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா தோன்றியது. அதன் முதல் திட்டமான ‘யூனிட் திட்டம் 1964’ 1964 ஜூலையில் தொடங்கிற்று. ஒரு யூனிட்டின் முகமதிப்பு 10 ரூபாய். ஓய்வூதியர்களும் விதவைகளும் சிறுசேமிப்பாளர்களும் அரசு நிறுவனம் என்று நம்பிப் பணம் போட்டார்கள்.

யூனிட்டின் விலையை அந்நிறுவனமே அறிவித்தது. ஜூலையில் குறைவாகத் தொடங்கி மாதந்தோறும் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டது. உள்ளே இருந்த சொத்தின் அன்றைய மதிப்புக்கும் அந்த விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஈவுத்தொகையோ ஆண்டுதோறும் கவர்ச்சியாக அறிவிக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அது 26 விழுக்காட்டைத் தொட்டது. அந்த விழுக்காடு 10 ரூபாய் முகமதிப்பின் மீது கணக்கிடப்பட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 14 ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கு 20 விழுக்காடு என்பது 2 ரூபாய்தான். அவர் போட்ட பணத்திற்கு அது சுமார் 14 விழுக்காடு.

தொடக்கத்தில் பெரும்பாலும் கடன் பத்திரங்களில் இருந்த பணம் பிற்காலத்தில் பங்குச் சந்தையை நோக்கி நகர்ந்தது. சந்தை இறங்கியபோது சொத்து மதிப்பு இறங்கியது. அறிவிக்கப்பட்ட விலை மட்டும் இறங்கவில்லை. 1998இல் திட்டத்தின் கையிருப்பு நிதி 1,098 கோடி ரூபாய் பற்றாக்குறையில் இருப்பது வெளிப்பட்டது. தீபக் பாரேக் தலைமையிலான குழு, மூன்றாண்டுகளுக்குள் விலையைச் சொத்து மதிப்போடு இணைக்குமாறு 1999இல் பரிந்துரைத்தது. அரசும் அவ்வாண்டு உதவிக்கு வந்தது. ஆனால் நிர்ணய விலை தொடர்ந்தது.

2001 ஏப்ரல், மே மாதங்களில் 4,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட யூனிட்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டுப் பணமாக்கப்பட்டன. அதில் பெரும்பகுதி பெருநிறுவனங்களுடையது. ஜூலை தொடக்கத்தில் விற்பனையும் மீள்வாங்கலும் ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. முன்கூட்டியே விலகியவர்கள் முழு விலையுடன் போனார்கள். சிறுசேமிப்பாளர்கள் கதவுக்குள் நின்றார்கள். பின்னர், சிறு முதலீட்டாளர்கள் 3,000 யூனிட் வரை 10 ரூபாயில் தொடங்கும் விலையில் திருப்பிக் கொடுக்க வழி செய்யப்பட்டது. ஆண்டின் இறுதியில் உண்மை மதிப்பு கணக்கிடப்பட்டபோது ஒரு யூனிட் 6 ரூபாய்கூடப் பெறவில்லை.

2002இல் மத்திய அரசு 14,561 கோடி ரூபாய் உதவித் தொகுப்பை அறிவித்தது. அவ்வாண்டுச் சட்டத்தின்படி நிறுவனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2003 மே மாதத்துடன் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. பத்துக் குடும்பங்களின் தோப்பில் நடந்ததே சுமார் இரண்டு கோடி முதலீட்டாளர்களைக் கொண்ட திட்டத்தில் நடந்தது. நட்டத்தின் பெரும்பகுதியைப் பொதுமக்களின் வரிப்பணம் சுமந்தது.

ஷரீஅத்தின் தராசு

வட்டிப் பத்திரங்களும் எல்லா வகை நிறுவனங்களின் பங்குகளும் கலந்திருந்த அத்திட்டம் நமக்கு உகந்ததாக இருந்திருக்காது என்பது வேறு செய்தி. ஆனால் முழுவதும் ஹலாலான தொழில்களில் மட்டும் பணம் இட்டிருந்தாலும், விலை நிர்ணயித்த முறையில் இருந்த கோளாறு நீங்கியிருக்காது. நம் மக்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. ‘பன்றி இறைச்சி இல்லை, மது இல்லை, வட்டி இல்லை’ என்ற பட்டியலைக் கேட்டதும் மனநிறைவு அடைந்துவிடுகிறோம். கூட்டாளிகளிடையே நீதி இருக்கிறதா என்று கேட்பதில்லை.

முளாரபா உடன்படிக்கையில் ஒருவர் முதல் தருகிறார், மற்றவர் உழைக்கிறார். இலாபம் முன்பே பேசிய விகிதப்படி பகிரப்படுகிறது. உழைப்பவரின் கவனக்குறைவோ வரம்புமீறலோ இல்லாத நட்டத்தை முதல் தந்தவர் ஏற்கிறார். முதல் நிறைவான பிறகே இலாபம் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. இவ்வளவு ரூபாய் இலாபம் நிச்சயம் என்று உறுதியளித்தால் உடன்படிக்கையின் தன்மை கடனாகி, வந்த கூடுதல் வட்டியாகிவிடும். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1988இல் ஜித்தாவில் எடுத்த தீர்மானத்தில், நிதியை நடத்துபவர் முதலுக்கு உத்தரவாதம் அளிக்கும் நிபந்தனையை ஏற்கவில்லை. ஆனால் இலாபத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்துப் பிற்கால இழப்பை ஈடுசெய்யக் கையிருப்பு நிதி உண்டாக்குவதையும், உடன்படிக்கைக்குத் தொடர்பில்லாத மூன்றாம் தரப்பு நன்கொடையாக இழப்பை ஏற்க முன்வருவதையும் அது தடுக்கவில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. செழித்த ஆண்டின் இலாபத்தில் சிறிது சேர்த்து வைத்து, வறண்ட ஆண்டில் பகிர்வது ஆகுமான வழி. கையிருப்பு தீர்ந்த பிறகும் அதே விழுக்காட்டை அறிவிப்பதே ஏமாற்று. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். கணக்கைத் திறந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. நிதித் திட்டத்தில் யூனிட்டின் விலையே தராசு. தட்டில் எதை வைத்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும் தராசை நம் கடைவீதியில் எவரும் ஏற்கமாட்டார்கள். பணத்தின் விஷயத்தில் மட்டும் அதை ‘பாதுகாப்பு’ என்று புகழ்கிறோம்.

மலேசியத் திட்டங்கள் பற்றி

மலேசியாவின் அமானா சஹாம் பூமிபுத்ரா 1990 முதலும், எல்லா மலேசியருக்கும் உரிய அமானா சஹாம் மலேசியா 2000 முதலும் ஒரு யூனிட் 1 ரிங்கிட் என்ற மாறாத விலையில் நடைபெறுகின்றன. மாதத்தின் குறைந்தபட்ச இருப்பைக் கொண்டு ஆண்டு ஈவு கணக்கிடப்படுகிறது. அரசு சார்ந்த பெரும் நிறுவனமான பி.என்.பி. பின்னால் நிற்கிறது. அந்நாட்டுத் தேசிய ஃபத்வாக் குழு 2008இல் இம்முதலீட்டை ஆகுமானது என்றது. உடன்படாத அறிஞர்களும் அங்கு உண்டு. அங்கு வாழும் நம் உறவினர்கள் தங்கள் பகுதி உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்வதே முறை. நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வலுவான அரசு நிறுவனம் தாங்கி நிற்கும் ஏற்பாட்டைச் சுட்டிக்காட்டி, இங்கே ஒரு தனிமனிதர் வாடகைக் கட்டடத்தில் நடத்தும் திட்டத்தை நியாயப்படுத்த முடியாது.

இதை நாம் காரணத்தோடுதான் சொல்கிறோம். எல்லைக்கு அப்பால் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் வீழ்ந்தது. அது யூனிட் டிரஸ்ட் அல்ல. ஆனால் ‘ஹலால்’ என்ற சொல்லும் மாதந்தோறும் வந்த இலாபமும் மக்களை ஈர்த்தன. ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் புகார் கொடுக்க வரிசையில் நின்றன. புதியவர்களின் பணத்திலிருந்தே பழையவர்களுக்கு இலாபம் கொடுக்கப்பட்டது என்பது புலனாய்வு அமைப்புகளின் குற்றச்சாட்டு.

என்ன செய்யலாம்?

இன்று இந்தியாவின் பரஸ்பர நிதிகளில் நாள்தோறும் நிகர சொத்து மதிப்பு வெளியிடப்படுகிறது. ஈவு கொடுத்தால் அந்த அளவுக்கு யூனிட்டின் மதிப்பு குறையும். மக்கள் இதை உணர வேண்டும் என்பதற்காகவே, ‘ஈவுத்தொகை’ என்ற பிரிவின் பெயரை ‘வருமானப் பகிர்வும் மூலதன மீட்பும்’ என்ற பொருள்படும்படி 2021 ஏப்ரல் முதல் செபி மாற்றியது. ஷரீஅத் நெறிகளைக் கருத்தில் கொண்டு பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் நிதிகளும் இம்முறையில் உள்ளன. அவற்றின் மதிப்பு ஏறும், இறங்கும். இறக்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது தராசு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அடுத்த ஆண்டுத் திருமணத்திற்கோ கல்விக்கட்டணத்திற்கோ தேவைப்படும் பணத்தை மட்டும் இத்தகைய நிதிகளில் போடக் கூடாது.

எந்தத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இன்று எல்லோரும் ஒன்றாக விலகினால், எல்லோருக்கும் கொடுக்கச் சொத்து இருக்கிறதா? சென்ற ஆண்டு தந்த இலாபம் எந்தத் தொழிலில் ஈட்டப்பட்டது, அதைத் தணிக்கை செய்தவர் யார்? நட்டம் வந்தால் அதைச் சுமப்பவர் யார், அது எழுத்தில் உள்ளதா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிட்டிருக்கும்போது, கணக்குக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்பவரைப் பார்த்து “ஈமான் குறைவா?” என்று சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். முதலீட்டுத் திட்டம் எதற்கும் பள்ளிவாசல் வளாகத்தில் விளம்பர இடம் தரும் முன், அதன் தணிக்கை அறிக்கையையும் செபி பதிவையும் கேட்டு வாங்குங்கள். மார்க்கம் அறிந்த ஆலிம் ஒருவரும் கணக்கு அறிந்த ஒருவரும் சேர்ந்து அமர்ந்து அவற்றைப் படிக்கட்டும். ஆலிம் மட்டும் பார்த்தால் கணக்கு விடுபடும்; கணக்கர் மட்டும் பார்த்தால் ஷரீஅத் விடுபடும்.

நம் பெண்கள் நகையை விற்றும், நம் பிள்ளைகள் இரவுப்பணி செய்தும் சேர்த்த பணம் அது. அதைக் காப்பதும் அமானிதமே. அல்லாஹ் நம் வருவாயைத் தூய்மையாக்கி, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.