ஆக்ஸிலுக்குக் குதிரைக் கணக்கு தெரியாது

“இந்த ஆக்ஸில் 400 குதிரை தாங்கும், அது 600 தாங்கும்.” பழைய அமெரிக்கக் கார்களை வைத்து டிராக் ரேஸ் ஓட்டுகிறவர்கள் இதை வேதவாக்கு மாதிரிச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட அர்த்தமில்லாத பேச்சு கிடையாது. வெறும் பேச்சோடு போனால் பரவாயில்லை. இதை நம்பி ஓட்டி, ஓடுகிற காரிலிருந்து சக்கரம் தனியே கழன்று போகும் நிலைக்கும் சிலர் வந்துவிடுகிறார்கள்.

புதுச்சேரியில் கோப்புக் கட்டுகளோடு காலம் தள்ளிய கிழவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பீர்கள். மிச்சிகனில் இருக்கும் என் அக்காள் மகன், 1960களின் கடைசியில் வந்த பெரிய இன்ஜின் கார் ஒன்றை வாங்கிச் சீர்செய்து, விடுமுறை நாட்களில் ரேஸ் ஓட்டுகிறான். “மாமா, என் ஆக்ஸில் 500 குதிரை தாங்கும், இன்ஜின் 420தான். கவலையே இல்லை” என்றான். எந்த டயர் போட்டு, எந்த கியர்பாக்ஸ் வைத்து 500 என்று கேட்டேன். “டயருக்கும் அதுக்கும் என்ன மாமா சம்பந்தம்?” என்றான். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. இப்போது ஸ்லிக் டயர் வாங்கப் போகிறானாம். அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத நேர் ஓட்டம். நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கால் மைல், அதாவது 402 மீட்டர், யார் முதலில் கடக்கிறார்கள் என்பதுதான் போட்டி. மசில் கார் என்று அங்கே சொல்வது பெரும்பாலும் 1964 முதல் 1972 வரை வந்த கார்களை: நடுத்தர உடம்பு, அதற்குள் பூதம் மாதிரி எட்டு சிலிண்டர் இன்ஜின். இன்ஜின் முன்னால், ஓடும் சக்கரம் பின்னால். நடுவில் போகும் நீளத் தண்டு பினியனைச் சுற்றுகிறது, பினியன் கிரவுன் வீலைச் சுற்றுகிறது, அங்கிருந்து வலமும் இடமும் இரண்டு ஆக்ஸில் தண்டுகள் சக்கரத்துக்குப் போகின்றன. இந்த மொத்த அமைப்பையும் பிரெஞ்சில் ‘போன்’ என்போம். ‘பாலம்’ என்று அர்த்தம். அதன் வயிற்றில் இருக்கும் டிஃபரன்ஷியலை 1820களின் இறுதியில் வடிவமைத்துக் காப்புரிமை பெற்றவரும் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர்தான். நீராவி வண்டிக்காகச் செய்தார். (எங்கள் ஊர்க்காரர்கள் இதற்காகவாவது ஒரு நிமிடம் பெருமைப்படலாம்.)

பள்ளியில் எங்கள் முசே இரண்டு சொற்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்லித் தருவார். ‘கூப்ல்’ என்றால் முறுக்கு விசை. ‘புய்சான்ஸ்’ என்றால் திறன், அதாவது குதிரைக் கணக்கு. முறுக்கு விசையைச் சுற்றும் வேகத்தால் பெருக்கினால்தான் திறன். டிராக் ரேஸில் ஆக்ஸில் பெரும்பாலும் எப்போது உடைகிறது? கிளம்பும் நொடியில். அப்போது சக்கரம் சுற்றும் வேகம் என்ன? ஏறத்தாழப் பூஜ்யம். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. ஆக, தண்டு முறுகி உடைகிற அந்தக் கணத்தில் அதன் வழியாகப் போகும் குதிரைகள் ஒன்றோ இரண்டோ. முறுக்கு விசையோ உச்சத்தில். ஆக்ஸிலுக்கு முறுக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, எவ்வளவு முறுக்கு? 1966இல் கிரைஸ்லர் தெருக் கார்களுக்குக் கொண்டுவந்த 426 ஹெமி இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 425 குதிரை என்று அறிவித்தார்கள். முறுக்கு விசை ஏறத்தாழ 68 கிலோகிராம்-மீட்டர். நாலு கியர் பெட்டியில் முதல் கியர் 2.66 மடங்கு, பின்னால் கிரவுன் பினியன் 3.54 மடங்கு. பெருக்கினால் சுமார் 640. இது இன்ஜின் கொடுக்கக்கூடியது. டயர் வாங்கிக்கொள்ளக் கூடியது வேறு. பின் சக்கரங்கள் மேல் ஆயிரம் கிலோ, டயரின் ஆரம் 34 சென்டிமீட்டர், சாதாரணத் தெரு டயரின் பிடிப்பு 0.9 என்று வைத்தால் 306தான் வருகிறது. அதற்கு மேல் போனால் டயர் வழுக்கிப் புகை கக்கும். மீதி முறுக்கு ஆக்ஸிலுக்குப் போகவே போகாது. இப்போது அதே காரில், இன்ஜினில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், இரட்டிப்புப் பிடிப்புள்ள ஸ்லிக் டயரைப் போடுங்கள். 306 என்பது 612 ஆகிவிடும். பிடிப்பு கூடினால் கார் மூக்கைத் தூக்கி, பாரமும் பின்னால் சாயும். அப்போது இன்னும் ஏறும். ஒரு குதிரை கூடவில்லை, ஆனால் ஆக்ஸிலின் மேல் சுமை இரண்டு பங்கு. எங்கே போயிற்று உங்கள் 500 குதிரைத் தாங்குதிறன்?

“அந்தக் காலத்துக் கம்பெனிக்காரன் மட்டமான ஆக்ஸில் போட்டுவிட்டான்” என்று புலம்புகிறவர்களுக்கும் இதுவே பதில். அவன் தன் காலத்து ஒல்லி டயருக்கு ஆக்ஸில் போட்டான். டயர்தான் ஃபியூஸ். நம் வீடுகளில் ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைக் கட்டிவிட்டு, பிறகு சுவருக்குள் வயர் எரிந்துவிட்டது என்று எலக்ட்ரீஷியனைத் திட்டுவோமே, அந்தக் கதைதான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அந்தக் கம்பெனி செய்ததைப் பாருங்கள். அதே ஹெமி இன்ஜின், அதே 425 குதிரை. ஆட்டோமேட்டிக் கியர் வைத்த காருக்கு எட்டே முக்கால் அங்குல கிரவுன் வீல் உள்ள தங்கள் சொந்த ஆக்ஸிலைக் கொடுத்தார்கள். கிளட்ச் வைத்த நாலு கியர் காருக்கு மட்டும் வெளியிலிருந்து டானா 60 என்ற ஆக்ஸிலை வாங்கிப் போட்டார்கள். ஒன்பதே முக்கால் அங்குலம், தண்டு ஒன்றரை அங்குலத் தடிமன், லாரி வர்க்கத்துச் சாமான். குதிரைக் கணக்குதான் அளவுகோல் என்றால் இரண்டு காருக்கும் ஒரே ஆக்ஸில் அல்லவா வந்திருக்க வேண்டும்? ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் வழியாக முறுக்கு மெத்தென்று வந்து சேரும். கிளட்ச்சை ஐயாயிரம் சுற்றில் படாரென்று விட்டால், சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் வேகம் முழுவதும் ஒரே அடியாக வந்து விழும். மேலே போட்ட 640 கணக்கில் அந்த அடி சேரவே இல்லை. பொறியாளர்களுக்கு இது அன்றே தெரியும். அவர்கள் வேலையை இன்று பாராட்டுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

அந்த 425 என்ற எண்ணே லட்சணமாக இல்லை என்பது வேறு விஷயம். 1971 வரை அங்கே குதிரைக் கணக்கை மொட்டை இன்ஜினை மேசையில் ஓடவிட்டு எடுத்தார்கள். 1972இலிருந்து காரில் உள்ள சாமான்களோடு அளந்தபோது எண்கள் தடாலென்று இறங்கின.

போல்ட் எண்ணுகிறவர்கள் இன்னொரு கூட்டம். செவர்லே கார்களில் பின்மூடியில் 12 போல்ட் என்றால் உசத்தி, 10 என்றால் மட்டம். மூடியை மூடும் போல்ட்டுக்கும் வலுவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பார்க்க வேண்டியது கிரவுன் வீலின் அகலமும் தண்டின் தடிமனும். தண்டின் தடிமன் கூடக் கூட வலு மும்மடிக் கணக்கில் ஏறும். 1.18 அங்குலத் தண்டை 1.5 ஆக்கினால் தடிமன் கால் பங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது, வலுவோ அதே இரும்பில் இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் மயிலிறகு வண்டிக் குறளை ஞாபகப்படுத்தப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வள்ளுவர் சொன்ன அச்சு பாரத்தால் முறிகிறது. இது முறுக்கால் முறிகிறது. இரண்டும் வேறு நோய்.

“என் நண்பன் பத்து வருடமாக ஓட்டுகிறான், ஒன்றும் ஆகவில்லையே” என்பது கடைசி ஆயுதம். அவன் கார் எடை என்ன, ஆட்டோமேட்டிக்கா கிளட்ச்சா, என்ன டயர் என்று கேட்டால் பதில் வராது. வழுக்கும் டயரோடு அவன் ஆக்ஸில் நூறு வருடம் இருக்கும்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதையாவது யோசிக்க வேண்டாமா? அந்த செவர்லே ஆக்ஸில்களில் தண்டு வெளியே நழுவாமல் பிடித்திருப்பது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் C வடிவச் சிறு கிளிப். தண்டு அந்தக் கிளிப்புக்கு வெளியே உடைந்தால் பிடிமானம் போய், உடைந்த துண்டு, பிரேக் டிரம், சக்கரம் எல்லாம் சேர்ந்து வெளியே வந்துவிடும். ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்ஸிலிலும், முன்பு சொன்ன கிரைஸ்லர், டானா இரண்டிலும் சக்கரத்துப் பக்கத்து பேரிங்கைத் தகடு வைத்து ஹவுசிங் முனையிலேயே போல்ட் போட்டிருப்பார்கள். உள்ளே தண்டு உடைந்தாலும் சக்கரம் பெரும்பாலும் இடத்திலேயே நிற்கும்.

அமெரிக்க டிராக் ரேஸ் சங்கமான என்.எச்.ஆர்.ஏ.வின் விதியைப் படித்துப் பாருங்கள். கால் மைலை 10.99 விநாடியிலோ அதற்குள்ளோ கடக்கும் காருக்குத் தனியாகச் செய்த வலுவான தண்டும், அது வெளியே வராமல் தடுக்கும் அமைப்பும் கட்டாயம். டிஃபரன்ஷியலைப் பூட்டிவிட்ட காராக இருந்தால் விநாடிக் கணக்கே கிடையாது, கட்டாயம்தான். அந்த விதியில் குதிரை என்ற சொல்லைக் காணோம். என் அக்காள் மகன் கார் 12 விநாடிக் கார், ஆகவே விதி தனக்கில்லை என்கிறான். விதி சொல்வது குறைந்தபட்சம். கிளட்ச் காரில் C கிளிப் தண்டை வைத்துக்கொண்டு ஸ்லிக் டயர் போடுகிறவன் 12 விநாடியில் ஓடினாலும், கிளம்பும்போது விழும் அடி அதே அடிதான். டயருக்கு முன்னால் தண்டையும் அந்தக் கிளிப்பையும் மாற்றட்டும். இன்ஜினுக்கு அவன் கொட்டிய பணத்தில் அது சிறு பங்குதான், ரசீதுகளை நான் பார்த்திருக்கிறேன்.