மணமில்லா நஞ்சும் அரசின் கடமையும்

கண்ணுக்குப் புலப்படும் ஆபத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்வது தனிமனிதனின் கடமை. புலன்களுக்கு எட்டாத ஆபத்திலிருந்து குடிமக்களைக் காப்பது அரசின் கடமை. காபனோரொட்சைட்டு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. விறகோ, கரியோ, எரிவாயுவோ, பெற்றோலோ போதிய காற்றின்றி எரியுமிடத்தில் அது பிறக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது பற்றிக்கொள்கின்றது. தலையிடியையும் குமட்டலையும் சாதாரண காய்ச்சலென எண்ணி உறங்கச் செல்பவன், மீண்டும் விழிக்காமலே போகலாம். அவனைப் பார்த்து, “நீ ஏன் கவனமாயிருக்கவில்லை?” என்று வினவுவது நீதியாகுமா?

ஆகாது என்பதை இங்கிலாந்து படிப்படியாகவே உணர்ந்தது. 2015 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள், விறகு, நிலக்கரி போன்றவை எரியும் அடுப்புள்ள வாடகை அறைகளில் எச்சரிக்கைக் கருவி பொருத்தும் பொறுப்பைத் தனியார் வீட்டுச் சொந்தக்காரர்மீது சுமத்தின. 2022 ஒக்டோபர் 1 முதல் எரிவாயுக் கொதிகலன் உள்ள அறைகளும், உள்ளூராட்சி மன்றங்கள் வாடகைக்கு விடும் வீடுகளும் அவ்விதிகளுக்கு உட்பட்டன. தவறுவோர்மீது 5,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். இலண்டனில் வாடகைக்குக் குடியிருக்கும் எம்மவருக்கும் இவ்விதிகளே காவல்.

இந்நாட்டிலோ, 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சமையல் எரிவாயுவும் கிடைக்கவில்லை. வசதியுள்ளோர் மின்பிறப்பாக்கியை நாடினர். ஏனையோர் விறகையும் கரியையும் நாடினர். மலையகத்திலோ, வெள்ளையர் காலத்தில் எழுந்த லயங்களின் காற்றோட்டமற்ற அறைகளில் விறகடுப்புப் புகை அன்றாட வாழ்வாகவே இருந்து வருகின்றது. குளிருக்கு அஞ்சிக் கதவையும் யன்னலையும் அடைத்துக்கொள்ளும் தொழிலாளி, புகைபோக்கியைத் தானே கட்டிக்கொள்ள வேண்டுமென்பது எந்த நியாயம்?

நாம் கேட்பவை மூன்றே. அடுப்புள்ள ஒவ்வொரு குடியிருப்பிலும் புகைபோக்கியும் காற்றோட்டமும் அமைக்கும் கடமை, லயங்களைப் பொறுத்தவரை தோட்ட நிர்வாகத்துக்கும், வாடகை வீடுகளைப் பொறுத்தவரை சொந்தக்காரருக்கும் சட்டத்தால் விதிக்கப்படல் வேண்டும். அது நிறைவேறுகின்றதா என நேரிற் பார்வையிடும் அதிகாரமும், அதற்கான பணமும் பிரதேச சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் அளிக்கப்படல் வேண்டும். வீட்டினுள் இயக்கலாகாது என்னும் எச்சரிக்கை, விற்கப்படும் ஒவ்வொரு மின்பிறப்பாக்கியிலும் தமிழிலும் பொறிக்கப்படல் வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வாங்குபவனுக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று.

இறந்தபின் மரண விசாரணை நடாத்துவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. அவ்விசாரணைக்கு இடமில்லாமற் செய்யும் சட்டத்தையே நாம் கோருகின்றோம்.